இடைகழியும் மாடியறையும்: தமிழிலக்கியத்தில் உடனுறை வாழ்வு

பிறந்த ஊரை விட்டுப் பெருநகரம் புகுந்தவனுக்கு முதலில் வேண்டுவது வேலை; அடுத்து வேண்டுவது தலை சாய்க்க ஓர் இடம். தனி வீடு எடுக்கும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆகவே முன்பின் அறியாத இருவரோ மூவரோ ஒரு வீட்டை எடுத்து, வாடகையைப் பங்கிட்டு, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே குழாயடியில் காத்து நின்று வாழத் தொடங்குகின்றனர். உறவால் சேர்ந்தவர் அல்லர், நட்பால் சேர்ந்தவரும் அல்லர், தேவையால் சேர்ந்தவர். 'இவரோடு நமக்கு ஒத்துப் போகுமா?' என்னும் கவலையே அவர்கள் முதலில் சுமக்கும் மூட்டை. காதலையும் பிரிவையும், இல்லறத்தையும் துறவறத்தையும் துருவித் துருவிப் பாடிய தமிழிலக்கியம், இங்ஙனம் ஒரு கூரையின்கீழ்ச் சேர்ந்தோரைப் பற்றி யாது கூறுகின்றது? இவ்வினாவை எழுப்பி, கிடைக்கும் சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆஸ்டின் டவுனில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. 1809ஆம் ஆண்டு ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்த நாள்தொட்டு, படைவீரராகவும் வணிகராகவும் கட்டடத் தொழிலாளராகவும் தமிழர் இப்பகுதிகளில் வந்து தங்கினர். நம் தெருக்களில் பல வீடுகள் ஒரு காலத்தில் ஒண்டுக்குடித்தனங்களாக இருந்தவை. இன்று அவற்றின் மாடிகளில் வேலை தேடி வந்த இளைஞர் மூவர் நால்வராகக் குடியிருக்கின்றனர். இன்னொரு செய்தியும் நினைக்கத் தக்கது. ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்றும் ஒரு பெயருண்டு. செர்மனியிலிருந்து சமயப் பணிக்கு வந்து, கன்னடத்தோடே வாழ்ந்து, 1894இல் கன்னட–ஆங்கில அகராதியை வெளியிட்ட பெர்டினாண்டு கிட்டலின் பெயர் அது. வேற்று நாட்டார் ஒருவர் வேற்று மொழியோடு உடனுறைந்து பெற்ற பெயரை, தமிழர் மிகுதியாக வாழும் ஒரு பகுதி தாங்கி நிற்கின்றது.

இடைகழியில் நிகழ்ந்தது

தமிழில் உடனுறைவோரைப் பற்றிய முதற்கதை எது என்று வினவினால், திருக்கோவலூர் இடைகழிக் கதையையே நாம் காட்டுவோம். வைணவ குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு அது. மழையும் இருளும் சூழ்ந்த ஓர் இரவில், பொய்கையாழ்வார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கப் போதுமான இடம் இருவர் அமரவும் போதும் என்று, படுத்திருந்தவர் எழுந்து அமர்ந்தார். பின்னர்ப் பேயாழ்வார் வந்தார். இருவர் அமரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று, அமர்ந்திருந்த இருவரும் எழுந்து நின்றனர். அதன்பின் நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர். ஒருவர் உலகைக் கொண்டும் ஒருவர் அன்பைக் கொண்டும் விளக்கேற்ற, மூன்றாமவர் அவ்வொளியில் திருமாலைக் கண்டார் என்பது வரலாறு. முதல் மூன்று திருவந்தாதிகளும் அவ்விரவில் தோன்றியவை என்று போற்றப்படுகின்றன.

இதனைப் பத்திக் கதையாகவே நாம் கேட்டுப் பழகியிருக்கின்றோம். இலக்கியம் பயில்வோர் வேறொரு கோணத்திலும் இதனை நோக்கலாம். பொய்கையார் காஞ்சியில் தோன்றியவர். பூதத்தார் கடல்மல்லையில் தோன்றியவர். பேயார் மயிலையில் தோன்றியவர். மூவரும் மூன்று ஊரினர், முன்பின் அறியாதவர். கதவடியில் வந்து நின்றவரிடம் 'நீர் எவ்வூர், எக்குலம்?' என்ற கேள்வி எழுந்ததாகக் கதை கூறவில்லை. 'இடம் உண்டா?' என்ற ஒரே கேள்விதான் அங்கு எழுகின்றது.

இதனினும் நுட்பமான ஒன்று இக்கதையில் உண்டு. யார் எவ்வளவு இழந்தார் என்று கணக்குப் பார்ப்போம். மூன்றாவதாக வந்தவர் மழையிலிருந்து தப்பி நிற்க இடம் பெற்றார். அவருக்கு இழப்பு ஏதும் இல்லை. இரண்டாமவர் அமர்ந்த நிலையை இழந்தார். படுக்கையை இழந்து, பிறகு இருக்கையையும் இழந்தவர் முதலில் வந்தவர் ஒருவரே. ஆகவே இக்கதையில் சோதனைக்கு உள்ளாகின்றவர் முதலில் வந்து இடம் பிடித்தவர். நாமோ வீட்டு வாயிலில் நின்று, புதிதாக வருகின்றவனையே சோதிக்கின்றோம். 'ஊர் எது? சாதி எது? சைவமா, அசைவமா? இரவில் எத்தனை மணிக்கு வருவாய்?' என்று அடுக்குகின்றோம். எழுந்து அமர நாம் அணியமாக இருக்கின்றோமா என்று நம்மை ஒருவரும் வினவுவதில்லை. இடைகழிக் கதை அந்த வினாவை நம் பக்கம் திருப்பி வைக்கின்றது. இவ்வளவுகோலைக் கையில் கொண்டே பிற சான்றுகளையும் அளந்து பார்ப்போம்.

பாம்பும் குடிலும்

'அப்படியாயின் வருகின்றவரை எல்லாம் ஆராயாமல் சேர்த்துக்கொள்ள வேண்டுமா?' என்று ஐயுறுவோர் உண்டு. அவர்க்கு விடை வள்ளுவரிடம் இருக்கின்றது. உட்பகை அதிகாரத்தின் இறுதிக் குறள், உள்ளம் பொருந்தாதவரோடு கூடி வாழ்வதை, ஒரு சிறு குடிலில் பாம்போடு சேர்ந்து வாழ்வதற்கு ஒப்பிடுகின்றது. பரிமேலழகர் இவ்வுவமையை விளக்குமிடத்து இடத்தின் சிறுமையைச் சுட்டுகின்றார். காட்டில் கிடக்கும் பாம்புக்கு நாம் விலகிச் செல்லலாம்; குடிலுக்குள் விலக இடமேது? பொருட்பாலில், அரசியல் சார்ந்த உட்பகையைப் பேச வந்த புலவர், உவமையை அரண்மனையிலிருந்து எடுக்காமல் ஏழையின் குடிலிலிருந்து எடுத்தார். மன வேறுபாடு எங்கும் உண்டெனினும், அது நஞ்சாவது நெருக்கமான இடத்தில்தான் என்பதை அவர் கண்டிருந்தார்.

அதிகார அடைவையும் நோக்குவோம். நட்பை ஆராய்ந்து கொள்ளுமாறு கூறும் நட்பாராய்தல் 80ஆம் அதிகாரம். பழகியவர் உரிமையோடு செய்யும் பிழைகளைப் பொறுக்குமாறு கூறும் பழைமை 81ஆம் அதிகாரம். சேர்க்குமுன் ஆராய்க, சேர்த்தபின் பொறுக்க என்னும் இவ்வரிசை, மாடியறை வாழ்வுக்கும் முற்றும் பொருந்தும். நடைமுறையில் நாம் இவ்வரிசையைத் தலைகீழாக்கி விடுகின்றோம். முன்பணப் பங்கைக் கொடுக்க ஆள் அகப்பட்டால் போதும் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டு, பின்னர் ஒவ்வொரு நாளும் ஆராயத் தொடங்குகின்றோம்.

ஆராய வேண்டியது எதனை என்பதே அடுத்த வினா. ஊரும் குலமும் ஒன்றாயிருத்தல் பொருத்தம் ஆகிவிடுமா? இதற்குப் பழந்தமிழில் ஒரு சான்று உண்டு. கோப்பெருஞ்சோழன் உறையூரில் இருந்தவன். பிசிராந்தையார் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினர். ஒருவரையொருவர் கண்டதில்லை. வடக்கிருந்த சோழன், ஆந்தையார் வருவார், அவர்க்கு இடம் ஒதுக்குக என்றான். அவரும் வந்தார் என்று புறநானூறு காட்டுகின்றது. இதனை உணர்ச்சி ஒன்றிய நட்புக்குச் சான்றாகக் காட்டுதல் மரபு. அந்நட்பு வெளிப்பட்ட வடிவம், வராத ஒருவர்க்கு இடம் விட்டு வைத்தல் என்பதையும் நாம் சேர்த்துக் கருதுதல் வேண்டும்.

கந்தசாமிப் பிள்ளையின் விருந்தாளி

இக்காலத்துக்கு வருவோம். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் சிறுகதையைப் பலரும் கடவுளைக் கிண்டல் செய்யும் கதை என்றே மதிப்பிட்டனர். இடைகழிக் கதையின் அருகே வைத்துப் படித்தால், அது உடனுறைதலைப் பற்றித் தமிழில் எழுந்த மிகக் கூர்மையான ஆராய்ச்சி என்பது புலனாகும்.

சென்னைத் தெருவில் கந்தசாமிப் பிள்ளையைச் சந்திக்கும் கடவுள், காப்பி அருந்தி, அவரோடு திருவல்லிக்கேணி வீட்டுக்கு வருகின்றார். வீட்டாரிடம் அவர் பெரியப்பாவாக அறிமுகம் ஆகின்றார். குழந்தை அச்சமின்றி அவரோடு விளையாடுகின்றது. பின்னர்க் கடவுள் பிழைப்புக்கு வழி தேடுகின்றார், ஒரு செல்வர் வீட்டில் ஆடிக் காட்டுகின்றார், ஆட்டம் எடுபடவில்லை. முடிவில், மனிதரோடு தொலைவில் நின்று வரம் அளிக்க முடியுமேயன்றிச் சேர்ந்து வாழ முடியாது என்ற கருத்தைக் கூறி அவர் விடைபெறுகின்றார். பிள்ளையும் சளைக்காமல், கடவுள் இனத்தாருக்கு அது ஒன்றே இயலும் என்ற பொருள்பட விடையிறுக்கின்றார்.

திருக்கோவலூரில் நெருக்கடியான இடைகழிக்குள் தானே புகுந்து நெருக்கிய இறைவன், திருவல்லிக்கேணியில் ஏன் தங்க இயலவில்லை? பிள்ளை வீட்டில் இடம் இல்லாமல் இல்லை; விருந்தோம்பலிலும் குறையில்லை. நம் கருத்தில் காரணம் இது: இடைகழி இறைவன் நெருக்கத்தை நாடி வந்தான், புதுமைப்பித்தனின் கடவுள் வாழ்க்கையைச் சுவைத்துப் பார்க்க வந்தார். வாடகை, சந்தா, பிழைப்பு என்னும் நாள்தோறும் வரும் சுமைகளில் பங்கேற்கும் பொறுமை அவரிடம் இல்லை. கொடுக்க மட்டுமே அறிந்தவர், பெறவும் காத்திருக்கவும் அறியாதவர், எத்துணைப் பெரியவராயினும் உடனுறையத் தகுதியுடையவர் ஆகார். அறையில் எல்லாச் செலவையும் தானே ஏற்றுப் பிறரைக் கூச வைக்கும் செல்வரையும் நாம் கண்டிருக்கின்றோம். அவரும் நெடுநாள் தங்குவதில்லை.

மாடிப்படியும் வெற்றுத் தட்டும்

நாடகமும் திரைப்படமும் இப்பொருளை நாவலினும் முன்னதாகக் கையாண்டன. கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' மேடை நாடகமாக இருந்து 1968இல் படமாயிற்று. பல குடித்தனங்கள் வாழும் ஒரு வீட்டில், மாடிப்படியின் அடியில் இடம் பெற்ற ஆதரவற்ற மாணவன் மாது. அவ்வேடத்தை நாகேஷ் ஏற்றார். கிட்டு மாமா, பட்டு மாமி, நாயர் எனப் பலரும் அவனுக்கு முறைவைத்து உணவிடுகின்றனர். மாறாக எல்லார் வீட்டு ஏவலும் அவன் தலையில் விழுகின்றது. நகைச்சுவை மிகுந்த படைப்பே எனினும் நம் அளவுகோலால் அளந்தால் ஒரு கசப்பு மிஞ்சுகின்றது. அவ்வீட்டில் எழுந்து இடம் விட்டவர் எவரும் இல்லை. எவருக்கும் வேண்டாத இடமே அவனுக்குக் கிடைத்தது. பல மொழியினரும் பல குலத்தினரும் கூடி வாழ்வதை ஒற்றுமைக்குச் சான்றாக அப்படத்தில் கண்டு மகிழ்வோர், அவ்வொற்றுமையின் பாரம் யார் தோளில் இருந்தது என்பதையும் காணுதல் வேண்டும்.

அதே இயக்குநரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' 1980இல் வெளிவந்தது. தில்லியில் வேலையின்றித் திரியும் தமிழ் இளைஞர் ஓர் அறையில் சேர்ந்து வாழ்கின்றனர். உண்ண ஒன்றும் இல்லாத நாளில், வந்த பெண் அறியாதவாறு, வெற்றுத் தட்டுகளை வைத்து விருந்து உண்பதுபோல் நடிக்கும் காட்சியைக் கண்டவர் மறப்பதில்லை. மூவரின் மானமும் ஒன்றாகிவிட்ட அந்தச் சில நிமிடங்களே தமிழில் உடனுறை வாழ்வின் உச்சம் எனலாம். எனினும் பசியில் ஒன்றானவர்கள் வழி தேடும்போது சிதறிப் போகின்றனர். நாயகன் இறுதியில் முடிதிருத்தும் தொழிலை மேற்கொள்கின்றான். பொதுத் துன்பம் மனிதரைச் சேர்க்கும். சேர்த்து வைத்திருக்க அது மட்டும் போதாது என்னும் உண்மையை அப்படம் பூசி மெழுகாமல் கூறியது.

அறைக்குள் நிகழும் இந்நெருக்கம் உள்ளத்தை என்ன செய்கின்றது என்பதை ஆராய்ந்தவர் ஆதவன். மைய அரசு சார்ந்த பணியில் தில்லியில் வாழ்ந்து, 1987இல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி மறைந்த அவர், 'என் பெயர் ராமசேஷன்' என்னும் நாவலில் விடுதியில் வாழும் ஒரு பொறியியல் மாணவனைத் தன் கதை கூறவைத்தார். அவன் உடன் இருப்போர் ஒவ்வொருவரின் வேடத்தையும் கண்டுபிடிக்கின்றான். அதே கண்ணால் தன் வேடத்தையும் கண்டுகொள்கின்றான். வீட்டில் மறைக்கலாம், அலுவலகத்தில் மறைக்கலாம், ஓர் அறையில் உறங்கி எழுகின்றவனிடம் எதனை மறைப்பது? ஆதவனின் சிறப்பு இந்நுண்மையில் உள்ளது. அவருடைய குறையும் ஆங்கேயே உள்ளது. கண்டுபிடித்தல் வரைக்கும் அவர் மாந்தர் செல்கின்றனர். கண்டுபிடித்தபின் பொறுத்து வாழும் 81ஆம் அதிகாரத்துக்கு அவர்கள் அரிதாகவே வந்து சேர்கின்றனர்.

நம் தெருவின் மாடியறை

இலக்கியத்தில் கண்டதை வாழ்க்கையிலும் பொருத்திப் பார்த்தல் திறனாய்வின் கடமை. திருமணத்துக்கு முன் ஆஸ்டின் டவுன் சந்து ஒன்றில், மாடியறை ஒன்றில் நாமும் நால்வருள் ஒருவராகச் சில ஆண்டுகள் வாழ்ந்தோம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுக்கும் வழக்கம் இந்நகரில் வேரூன்றியது. ஒருவர் விலகினால் அவர் பங்கைப் புதிதாக வருகின்றவர் கொடுக்க வேண்டும். ஆகவே ஆள் தேடுவது எப்போதும் அவசரத்தோடு நடந்தது.

நம் மாவட்டத்தவர் ஒருவர் வந்தபோது எல்லாரினும் மகிழ்ந்தவர் நாமே. 'ஒரே ஊர்க்காரங்கதானே அண்ணாச்சி' என்பார். அந்த ஒரு சொல்லைக் கொண்டு அவர் பிறர் துவாலையை எடுத்தார்; சிலிண்டர் பணத்தைத் தள்ளிப் போட்டார்; நள்ளிரவில் விளக்கைப் போட்டார். நான்கு மாதத்தில் மனக்கசப்போடு பிரிந்தார். அவர் இடத்துக்கு மண்டியாவைச் சேர்ந்த கன்னட இளைஞர் ஒருவர் வந்தார். இரவு வேலை முடிந்து இரண்டு மணிக்கு வருவார். மாடிப்படியின் கீழேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, விளக்குப் போடாமல், சுவரைத் தடவியே தம் பாயை அடைவார். அவர் வந்ததை நாம் காலையில்தான் அறிவோம்.

2007ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வெளிவந்தது. 12ஆம் நாள் கருநாடகத்தில் முழு அடைப்பு நடந்தது. அன்று காலை அவர், 'நீங்க யாரும் வெளியே போக வேண்டாம் அண்ணா, நான் போய்ட்டு வரேன்' என்று தம் தமிழில் கூறிவிட்டு இறங்கிச் சென்று, பாலும் காய்கறியும் தேடி வாங்கி வந்தார். அன்று மாலை அறையில் நீரைப் பற்றிய வாதம் எழுந்தது. அவர் குடும்பம் கிருஷ்ணராச சாகர் வாய்க்கால் பாசனத்தை நம்பியிருந்தது. கோலார் தங்கவயலில் பிறந்து, 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் இந்நகருக்குப் பிழைக்க வந்த நம் மற்றொரு தோழர், தஞ்சைக் குறுவைக்காக வழக்காடினார். வாதம் முடியவில்லை, எவரும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. பத்து மணிக்கு வழக்கம்போல் விளக்கு அணைந்தது.

வள்ளுவர் கூறும் உள்ளப் பொருத்தத்துக்கு இங்கே நாம் ஒரு விளக்கம் பெறுகின்றோம். கருத்து ஒன்றாயிருத்தல் அதன் பொருள் அன்று. மண்டியாவும் தஞ்சையும் ஓர் அறையில் கருத்து மாறுபட்டே அமைதியாக உறங்கின. ஒரே ஊரினர் இருவர் உறங்க இயலவில்லை. பிறன் உறக்கத்துக்கும் பொருளுக்கும் மானத்துக்கும் இடம் விடும் மனமே பொருத்தம். ஆராய வேண்டியதும் அம்மனத்தையே. உணவு வேறுபாடு போன்றவை மெய்யான இடர்ப்பாடுகளே. அவற்றை முதல் நாளில் வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மனம் பொருந்தாதபோது, கணக்கைத் தீர்த்து மரியாதையோடு பிரிதலும் அறமே. பாம்பும் குடிலும் என்னும் உவமை அதற்குச் சான்று நிற்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் இரண்டு முடிவுகளுக்கு வருகின்றோம். ஒன்று இலக்கியம் பற்றியது. தமிழ் நாவல் குடும்பத்தை எழுதியது, காதலை எழுதியது, அலுவலகத்தையும் எழுதியது. தேவையால் சேர்ந்து, சண்டையிட்டு, பொறுத்து, ஒருவர்க்கொருவர் இடம் விட்டு வாழும் அயலார் நால்வரின் அறையை, ஆழ்வார்களின் இடைகழிக்கு ஈடாக எழுதும் நாவலை நாம் இன்னும் எதிர்நோக்குகின்றோம். நாடகமும் திரையும் தொட்ட அளவுகூட அது தொடவில்லை என்பது நம் மதிப்பீடு. பல மொழியும் புழங்கும் இந்நகரின் தமிழிளைஞர்க்கு அதனை எழுதுவதற்கான பொருள் தம் மாடிப்படியிலேயே கிடைக்கின்றது.

மற்றொன்று நம் குடும்பங்களைப் பற்றியது. நம் பாட்டனும் தந்தையும் இந்நகருக்குப் பின்னால் வந்தவர்கள். யாரோ எழுந்து அமர்ந்ததால் இடம் பெற்றவர்கள். இன்று நம்மில் பலர் வீட்டுக்கு உரிமையாளர். முதலில் வந்தவர்கள் ஆகிவிட்டோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும், ஏன், நம் தருமபுரியிலிருந்தும் கிருட்டிணகிரியிலிருந்தும் பையோடு வருகின்ற இளைஞர், நம் வாயிலில் தொங்கும் வாடகைப் பலகையைப் பார்த்து நிற்கின்றனர். வாடகையும் விதிமுறையும் பேசுவது நம் உரிமை. ஊரையும் குலத்தையும் கேட்பதற்கு முன், வந்தவர் கேட்கும் கேள்விக்கு நேராக விடை கூறுவோம். இடைகழியில் கேட்கப்பட்ட அதே கேள்விதான் அது.